நிலமும் விரிப்பும்: வீட்டுத் தரையின் வரலாறு பற்றிய ஒரு சிந்தனை

அரண்மனைகளின் வரலாறு எழுதப்பட்டுள்ளது. கோயில்களின் வரலாறு எழுதப்பட்டுள்ளது. கோட்டைகளின் வரலாறும் எழுதப்பட்டுள்ளது. ஆயினும் மனிதன் நாள்தோறும் மிதித்து நடக்கும் வீட்டுத் தரையின் வரலாற்றை எழுத முன்வந்தோர் மிகச் சிலரே. சுவரைக் கண்ணாற் காண்கிறோம். கூரையைத் தலைக்குமேல் உணர்கிறோம். தரையையோ காலால் அறிகிறோம். காலால் அறியப்படுவது ஆராய்ச்சிக்கு உரியதன்று என எண்ணிவிட்டோம் போலும்.

இக்கட்டுரையை எழுத நேர்ந்தமைக்குக் காரணம் ஒன்றுண்டு. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய லிங்கநகரில் உள்ள எம் வீட்டைப் புதுக்கும் வேலை அண்மையில் நடைபெற்றது. மேலே ஒரு மாடியறை எழுப்புவதென்றும், தந்தையார் காலத்தில் இட்ட சிவப்புச் சீமெந்து நிலத்தின்மேல் மெருகிட்ட ஓடு பதிப்பதென்றும் முடிவாயிற்று. மண்டபத்தின் வேலை முடிந்தது. மாடியறையின் வேலையும் முடிந்தது. எஞ்சியிருந்தது அன்னையாரின் அறை. மேசன் தம் கருவிகளோடு அங்கே நுழைய முற்பட்டபோது அன்னையார் வாயிலில் நின்று, "இந்த அறையை விட்டுவிடு தம்பி, மாரிக்குக் கால் விறைக்கும்" என்றார்.

அச்சொல் முதலில் எனக்கு முதுமையின் பிடிவாதமாகவே பட்டது. ஆனால் வாடைக்காற்று வீசத் தொடங்கிய முதற் கிழமையிலேயே, புதிய மண்டபத்தில் நடப்பதற்கு நானே செருப்பைத் தேடலானேன். அதுவுமன்றி, பிள்ளைகள் மாடியில் ஓடும் ஓசையும், கதிரை இழுபடும் ஓசையும், கிண்ணம் விழும் ஓசையும் முன்னிலும் பன்மடங்காகிக் கீழறையில் வந்து விழுந்தன. பகலில் சற்றே கண்ணயரும் வழக்கமுடைய அன்னையாருக்கு அவ்வழக்கம் அற்றுப்போயிற்று. பணம் செலவிட்டோம், வீடு அழகுபெற்றது, ஆயினும் வீட்டின் மூத்தவர் இழந்தது இதத்தை.

தரையின் குளிரும் வெதுவெதுப்பும், ஓசையும் அமைதியும் கட்டடத் தொழிலின் பாற்பட்டவை மட்டுமல்ல. அவற்றுக்கு ஒரு வரலாறும் உண்டு என்னும் எண்ணம் அப்போது தோன்றியது. அவ்வரலாற்றை நோக்குமிடத்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. காலுக்கு இதமளிப்பது பெரும்பாலும் தரையன்று, தரைக்கும் காலுக்கும் இடையிலுள்ள விரிப்பே என்பது ஒன்று. அவ்விரிப்பு யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பது ஒவ்வொரு காலத்திலும் சமுதாயத்தின் ஏற்றத்தாழ்வைக் காட்டி நின்றது என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மெழுகிய நிலம்

ஈழத்துத் தமிழர் வழக்கில் வீட்டுத் தரைக்கு நிலம் என்றே பெயர். நிலம் கூட்டுதல், நிலம் மெழுகுதல் என்கிறோம். பழைய வீட்டின் தரை உண்மையிலேயே வெளிநிலத்தின் தொடர்ச்சியாக இருந்தமையால் இப்பெயர் பொருத்தமானதே. களிமண்ணும் மணலும் கலந்து, சில இடங்களிற் புற்றுமண்ணும் சேர்த்து, நீர் விட்டு மிதித்து, திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினர். காய்ந்தபின் வெடிப்புக்களை அடைத்து, சாணத்தை நீரிற் கரைத்துக் கையால் வில் வடிவில் மெழுகினர். சாணத்திலுள்ள செரியாத புல்நார் மண்ணைப் பிணைத்தது. தூசு எழாமற் காத்தது. அத்தரையில் ஒரு செம்பு விழுந்தால் மந்தமான ஒலியே எழும். அதே செம்பு சீமெந்து நிலத்தில் விழுந்தாலோ மணியோசை போல் வீடெங்கும் கேட்கும்.

ஆயினும் மெழுகிய நிலம் தன்னளவில் வெதுவெதுப்பானதன்று. மாரியில் மண்ணின் ஈரம் மேலேறும்; நிலம் குளிர்ந்து கிடக்கும். வெறும் நிலத்திற் படுக்காதே என மூத்தோர் பிள்ளைகளைக் கண்டித்தமைக்கு இதுவே காரணம். அந்நிலத்தின்மேல் விரிக்கப்பட்டது பாய். வடக்கிற் பனையோலைப் பாயும், கிழக்கிற் பன்புல்லால் இழைத்த பன்பாயும் பெருவழக்கின. குழந்தையைக் கிடத்தத் தடுக்கும், உண்ணும்போது அமரப் பலகையும் இருந்தன. பாயின் இழைகளுக்கிடையே அடைபட்டு நிற்கும் காற்று, உடலின் வெப்பம் தரைக்குச் செல்லாமல் தடுக்கின்றது. வெப்பத்தைத் தடுக்கும் பொருள்களுட் பெரும்பாலானவை இன்றும் இவ்வாறு காற்றைச் சிறைப்படுத்தியே தம் தொழிலைச் செய்கின்றன.

பாயின் மற்றொரு சிறப்பு, அது நீக்கத்தக்கது என்பதாகும். கச்சான் வீசும் கோடையில் நமக்கு நிலத்தின் குளிர்ச்சி வேண்டும். வாடை வீசும் மாரியில் அது வேண்டாம். ஒரே தரை இரு பருவத்துக்கும் உதவ வேண்டுமாயின் விரிப்பைச் சுருட்டி எடுக்கவும் மீண்டும் விரிக்கவும் கூடியதாக இருத்தல் வேண்டும். ஈரம் கொண்ட பாயை வெயிலில் உலர்த்தலாம். இந்துமாக்கடலின் பழைய கலங்கள் சிலவற்றில் ஓலையால் இழைத்த பாய்களே காற்றேற்கவும் கட்டப்பட்டன. கப்பலை ஓட்டும் பாய்க்கும் குளிரைத் தடுக்கும் பாய்க்கும் தமிழில் ஒரே சொல் வழங்குதல் துறைமுக மக்களாகிய நமக்கு இன்பம் பயப்பதாகும்.

எனினும் மெழுகிய நிலத்தைப் புகழுமுன் அதனை மெழுகிய கைகளை நினைத்தல் வேண்டும். சாணம் பொறுக்கிக் கரைத்து, குனிந்தும் முழந்தாளிட்டும் வீடு முழுவதையும் மெழுகியவர் பெண்களே. மழை ஒழுகினால் மீண்டும் மெழுக வேண்டும். பண்டிகை வந்தால் மீண்டும் மெழுக வேண்டும். ஆடவர் அமைதியாகப் படுத்துறங்கிய அந்நிலம் பெண்களின் ஓய்வை விலையாகக் கொண்டது. அதனைக் கருதாது பழைமையைப் போற்றுதல் நடுநிலைமை ஆகாது.

கீழிருந்து எழும் வெப்பம்

தரையையே சுடவைத்த மக்களும் உலகில் இருந்தனர். உரோமர் தம் குளிப்பகங்களிலும் செல்வர் மனைகளிலும் தரையைச் சிறு தூண்களின்மேல் உயர்த்தி, அதன்கீழ் நெருப்பின் வெப்பக்காற்றைச் செலுத்தினர். கட்டடக்கலை நூலாசிரியராகிய விற்றுரூவியசு அத்தூண்கள் இரண்டடி உயரம் இருத்தல் வேண்டுமென விதித்துள்ளார். கொரிய நாட்டினர் அடுப்பின் புகையைத் தரையிலுள்ள கற்பலகைகளின் கீழ் ஓடவிட்டு மறுபுறத்தாற் போக்கினர். ஒண்டோல் எனப்படும் இம்முறை அங்கு இன்றும், பெரும்பாலும் வெந்நீர்க் குழாய்களின் உருவில், நிலைபெற்றுள்ளது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் பிராங்கு லொயிட் ரைட், தோக்கியோ நகரில் இத்தகைய அறையொன்றின் இதத்தை உணர்ந்தவர். அவர் அமைத்து 1937இல் நிறைவெய்திய ஜேக்கப்ஸ் இல்லத்தில், தரையின் கீழ்க் குழாய்கள் வழியே வெப்பம் ஊட்டப்பட்டது.

கொரியர் நம்மைப் போலத் தரையில் அமர்ந்து, தரையில் உண்டு, தரையில் உறங்கியவர்கள். தரையோடு வாழும் மக்களே தரையின் இயல்பைப் பற்றி மிகுதியும் கவலைகொள்வர் என்பதற்கு அவர்கள் சான்று. அவ்வாறாயின் தமிழர் ஏன் தரையைச் சுடவைக்கவில்லை? விடை நம் தட்பவெப்பத்திலேயே உள்ளது. நம் நாட்டிற் குளிர் சில திங்கள்களே நிலைப்பது. எஞ்சிய காலம் முழுவதும் வெப்பமே பகை. சங்க நூலாகிய நெடுநல்வாடை, வாடைக்காலத்தில் மக்கள் நெருப்பிட்டுக் குளிர்காய்ந்த தடவு என்னும் தீச்சட்டியைக் குறிப்பிடுகின்றது. எடுத்து வரவும் அகற்றவும் கூடிய சட்டியில் நெருப்பு. விரிக்கவும் சுருட்டவும் கூடிய பாயில் வெதுவெதுப்பு. இரண்டிலும் ஒரே அறிவு தொழிற்பட்டமை காண்க.

திருகோணமலையில் இயற்கையே நிலத்தின் கீழிருந்து வெப்பத்தை அனுப்பும் இடமும் உண்டு. நகருக்கு வடமேற்கே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. இராவணன் தன் அன்னைக்குரிய இறுதிக் கடன்களை ஆற்றுதற்பொருட்டு அவற்றைத் தோற்றுவித்தான் என்பது ஐதிகம். அவ்வெந்நீரை நாம் நீராடவும் கடன் கழிக்கவும் கொண்டோமேயன்றி, வீட்டுத் தரைக்குக் கொண்டுவர எண்ணியதில்லை. நம் வீடுகளுக்கு அது தேவைப்படவுமில்லை.

கதிரையும் வாங்கும்

போர்த்துக்கீசர் 1620களிற் கோணேசர் ஆலயத்தை இடித்து அதன் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அவர்கள் நம் வீட்டுக்குள் விட்டுச்சென்ற சுவடுகளை அந்த அளவுக்கு நினைப்பதில்லை. கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி ஆகிய சொற்கள் யாவும் போர்த்துக்கீச மொழியிலிருந்து வந்தவை. சொல் வந்தது பொருளோடு. பொருள் வந்தது ஒரு வாழ்க்கை முறையோடு. கட்டில் தமிழருக்குப் புதிதன்று. ஆயினும் நாள் முழுவதும் உடலைத் தரையினின்றும் உயர்த்தி வைக்கும் வழக்கம் கதிரையோடும் மேசையோடுமே பரவியது. உடல் உயர்ந்தபின் தரை காலுக்கு மட்டும் உரியதாயிற்று. காலுக்கும் செருப்பு வந்தபின் தரையின் இதத்தைப் பற்றி நினைப்பதற்கு ஆளில்லாமற் போயிற்று.

இம்மாற்றம் எல்லாருக்கும் ஒருங்கே வரவில்லை. யார் கதிரையில் அமரலாம், யாருக்குப் பாய், யாருக்கு வெறும் நிலம் என்பது சாதியின் பெயரால் வகுக்கப்பட்டிருந்தது. பாடசாலையும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் எல்லா மாணவர்க்கும் சமஆசனம் வழங்க வேண்டுமென்ற கட்டளை யாழ்ப்பாணத்திற் கடும் எதிர்ப்பை எழுப்பியது. ஒரு பிள்ளை நிலத்தினின்றும் எழுந்து வாங்கில் அமர்வதைப் பொறுக்காத சமுதாயமாக நாம் இருந்தோம். ஆசிரியத் தொழில் புரிவோர் இதனை மறத்தல் தகாது.

மலைநாட்டில் இவ்வேற்றத்தாழ்வு வேறோர் உருவிற் காணப்பட்டது. நுவரெலியா கடல்மட்டத்திற்கு மேல் ஆறாயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. தை, மாசித் திங்கள்களில் அங்கு உறைபனி படிதலும் உண்டு. இலங்கையில் வெதுவெதுப்பான தரை உண்மையிலேயே தேவைப்பட்ட இடம் அதுவே. தோட்டத்துத் துரைமாரின் பங்களாக்களில் மரப்பலகைத் தளமும், அதன்மேற் கம்பளமும், கணப்படுப்பும் இருந்தன. அதே மலையில், அதே குளிரில், இந்தியாவினின்றும் கொணரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லயன் அறைகளில் மண் தரையில் வாழ்ந்தனர். சாக்கும் கம்பளியுமே பலருக்கு விரிப்பு. அடுப்பின் அருகே படுக்கை. பலகையின் கீழ்க் காற்று நின்றது ஓரிடத்தில். ஈரமண்ணின்மேல் உடல் கிடந்தது மற்றோரிடத்தில். தேயிலையின் வரலாறு கூறுவோர் 1867ஆம் ஆண்டையும் ஜேம்ஸ் ரெய்லரையும் குறிப்பிடத் தவறுவதில்லை. இவ்விரு தரைகளின் வேறுபாடும் அவ்வரலாற்றின் ஓர் அத்தியாயமே ஆகும்.

கப்பலின் மேற்றளம்

மரத்தளம் பற்றிப் பேசும்போது நம் ஊரின் பெயர் தாங்கிய கப்பல் ஒன்றையும் நினைவுகூர்தல் பொருத்தமாகும். திருகோணமலை என்னும் பெயர் பூண்ட ஆங்கிலேயப் போர்க்கப்பல் 1817இற் பம்பாய்த் துறையில், வாடியா குடும்பத்துக் கப்பற் கலைஞரால் தேக்கு மரங்கொண்டு கட்டப்பட்டது. பின்னர் நெடுங்காலம் பயிற்சிக் கப்பலாக விளங்கிய அது, இங்கிலாந்திலுள்ள ஹாற்றில்பூல் நகரிற் புதுக்கப்பெற்று இன்றும் பாதுகாக்கப்படுகின்றது.

மரக்கப்பலின் தளத்தை அமைக்கும் முறை நம் கவனத்துக்குரியது. பலகைகளை அடுக்கி ஆணியறைந்தால் மட்டும் தளம் ஆகாது. பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள பிளவில், பழைய கயிற்றைப் பிரித்தெடுத்த நாரைத் திணித்து, அதன்மேல் உருக்கிய கீலை வார்ப்பர். நாரும் கீலும் நீரைத் தடுக்கும். பலகைகள் ஒன்றோடொன்று உராய்ந்து ஒலிப்பதையும் குறைக்கும். திண்மையான பொருளுக்கு நடுவே மென்மையான பொருளை வைத்தல் என்னும் இவ்விதியே பிற்காலத்தில் அமைதியான தரைகள் யாவற்றுக்கும் அடிப்படையாயிற்று.

சீமெந்தின் வருகை

ஆங்கிலேயரான ஜோசப் ஆஸ்பிடின் 1824இற் போட்லாந்துச் சீமெந்துக்குக் காப்புரிமை பெற்றார். இலங்கையிற் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. போர் காரணமாக 1990இல் அது நின்றது. இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ மண் நிலங்கள் சீமெந்து நிலங்களாயின. சீமெந்திற் செந்நிறத் தூள் கலந்து பூசி, கரண்டியால் அழுத்தி மெருகேற்றுவர். பின்னர் சிவப்பு மெழுகு பூசித் தேங்காய்ப் பொச்சினால் தேய்ப்பர். அந்நிலத்தில் முகம் பார்க்கலாம் எனப் பெருமை பேசிய வீடுகள் பலவுண்டு.

இது பெரும் பேறே என்பதில் ஐயமில்லை. பெண்கள் சாணம் கரைக்கும் தொல்லை நீங்கியது. ஈரம் குறைந்தது, புழுதி ஒழிந்தது, கழுவித் துடைத்தல் எளிதாயிற்று. ஆனால் சீமெந்து வெப்பத்தை விரைந்து கடத்துவது. ஒரே அறையிலுள்ள பாயும் சீமெந்தும் ஒரே வெப்பநிலையில் இருப்பினும் கால் அவற்றை வேறாக உணர்கின்றது. காலின் வெப்பத்தைச் சீமெந்து விரைவிற் பறித்துக்கொள்ளும். பாய் மெல்லவே ஏற்கும். மரம் கொங்கிறீற்றைப் போலச் சுமார் பத்திலொரு பங்கு அளவுக்கே வெப்பத்தைக் கடத்துவது. தக்கை மரத்தினும் குறைவாகவே கடத்துவது. மக்கள் வழக்கில் மாபிள் எனப்படும் மெருகிட்ட ஓடு பதித்தபோது தரை பின்னும் வழுவழுப்பாயிற்று, குளிரோ நீங்கவில்லை.

சீமெந்து நிலத்தின் தன்மையை நான் நன்கறிந்த நாள் ஒன்றுண்டு. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியபின், பாடசாலை வகுப்பறைகளே மக்களின் உறைவிடங்களாயின. மாரிக்காலம் அது. வாங்குகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டு வெறும் சீமெந்தில் மக்கள் படுத்தனர். அங்கு உதவிக்குச் சென்ற என்னிடம் தாய்மார் உணவுக்கு அடுத்ததாகக் கேட்டது பாய். எல்லாவற்றையும் இழந்தவருக்கும் உடலுக்கும் தரைக்கும் இடையே ஏதேனும் ஒன்று வேண்டியிருந்தது. 1983இலும் 1990இலும் இடம்பெயர்ந்து கோயில்களிலும் பாடசாலைகளிலும் கிடந்தோர் அதற்கு முன்னரே இதனை அறிந்திருந்தனர். நிலம் யாருக்கும் கிடைக்கும்; விரிப்பே வீட்டின் தொடக்கம்.

ஓசையின் இயல்பு

தரையாற் பிறக்கும் ஓசை இருவகைத்து. காற்றின் வழியே வருவது ஒன்று. மிதிப்பதாலும் இழுப்பதாலும் தரையையே அதிரச்செய்து வருவது மற்றொன்று. முதல்வகை ஓசை ஓர் அறையில் எவ்வளவு நேரம் நின்று ஒலிக்கும் என்பதை முதன்முதலில் முறையாக அளந்தவர் அமெரிக்காவின் ஹாவாட் பல்கலைக்கழகத்து இளம் விரிவுரையாளர் வாலஸ் சபைன் ஆவார். அங்கு புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபமொன்றில் ஆசிரியரின் பேச்சு ஒருவருக்கும் விளங்கவில்லை. ஒலி ஐந்து விநாடிக்கு மேலாக நின்று எதிரொலித்தது. 1895இல் ஆய்வைத் தொடங்கிய சபைன், அருகிலிருந்த அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் கொணர்ந்து பரப்பினார். ஒலி அடங்குவதை அளந்தார். விடியுமுன் அவற்றைத் திருப்பி வைத்தார். மெத்தை பெருகப் பெருக எதிரொலி குறைந்தது. மென்பொருள் ஒலியை உண்ணும், வன்பொருள் அதனைத் திருப்பி அனுப்பும் என்பது எண்களால் நிறுவப்பட்டது. எம் மண்டபத்தில் ஓட்டுத் தரையும் பூசிய சுவரும் கண்ணாடி யன்னலும் கூடி ஏன் இரைச்சலைப் பெருக்கின என்பதற்கு விடை இதுவே.

இரண்டாம் வகை ஓசையைத் தடுப்பது இதனினும் அரிது. பிரித்தானிய நாட்டுப் பழைய மாடிவீடுகளில் மர உத்திரங்களுக்கு இடையே மணலும் சாம்பலும் நிரப்பினர். சென்னையிற் கட்டடத் தொழிலாளர் தேக்கு உத்திரங்களின்மேற் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்திட்டு, அதன்மேற் செங்கற் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையை இடித்து இறுக்கித் தளம் அமைத்தனர். மெட்ராஸ் டெரஸ் எனப் பெயர்பெற்ற அத்தளத்தின் கனம் பேச்சொலியைத் தடுக்க வல்லது. ஆனால் கனம் மட்டும் காலடி ஓசையைத் தடுக்காது. கொங்கிறீற்றுத் தளம் எவ்வளவு கனமுடையதாயினும், குதிக்காலின் அடி அதனூடே நேராகக் கீழிறங்கும். அதற்கு மருந்து மேற்பரப்பில் மென்மை. அன்றேல் மேற்றளத்தையும் அடித்தளத்தையும் மென்பொருளாற் பிரித்தல்.

ஓசையை வேண்டியே தரை அமைத்தவரும் உளர் என்பது வியப்பானது. யப்பானியத் தலைநகராக விளங்கிய கியோத்தோவில், 1603இல் எழுந்த நிஜோ மாளிகையின் நடைகளில் கால் வைத்தாற் பறவை கூவுவது போன்ற ஒலி எழும். இரவில் வரும் பகைவனைக் காட்டிக்கொடுக்கவே அவ்வாறு அமைக்கப்பட்டதென மரபு கூறும். பலகையின் கீழுள்ள இரும்புப் பிடிகள் ஆணியோடு உராய்வதால் அவ்வொலி பிறக்கின்றது. அரசனுக்கு ஓசை காவலாகலாம். உறக்கம் வேண்டும் குடியானவனுக்கோ அது பகையே.

கடல் கடந்த வீடுகள்

1983இன் பின் நம்மவர் பெருந்தொகையினராய்க் குடியேறிய கனடாவில் தரை பற்றிய கவலை அன்றாடக் கவலையாகும். ரொறன்ரோ நகர வீடுகள் பல மரச்சட்டங்களால் ஆனவை. புதிதாகச் சென்ற குடும்பங்களுட் பல முதலிற் குடியிருந்தது நிலக்கீழ் அறைகளிலேயே. காலின் கீழ் உறைபனிக் காலத்துக் கொங்கிறீற்று. தலையின்மேற் பிறர் வீட்டுக் காலடி. குளிரையும் ஓசையையும் ஒருங்கே அனுபவித்தவர் அவர்கள். என் தமையனார் அத்தகைய அறையொன்றில் வாழ்ந்த ஆண்டுகளைப் பற்றிப் பேசும்போது, பனியைப் பற்றியன்று, மேல்வீட்டாரின் சப்பாத்தைப் பற்றியே முதலிற் கூறுவார்.

அங்கு வீடு புதுக்குவோர் கையாளும் முறையை ஆராய்ந்தால் நாம் முன்னர்க் கண்ட விதிகளே வெளிப்படும். முதலில் ஈரத்தைத் தடுக்கும் படலம். அதன்மேல் தக்கை, இறப்பர், கம்பளிநார் போன்ற மென்மையான அடிவிரிப்பு. அதற்கும் மேலே பலகை. பலகையைத் தளத்தோடு ஆணியால் அறையாமலும் சுவரோடு முட்டாமலும் சிறு இடைவெளி விட்டு இடுவர். அது மிதக்கும் தளம் எனப்படும். சுவரைத் தொட்டால் ஓசை சுவர்வழி இறங்கிவிடும். கப்பலின் நாரும், நம் பாயின் காற்றும் அங்கு வேறு பெயரில் உலவுகின்றன.

அவ்விரிப்புக்களுக்கு வேண்டிய பொருள்களுட் பல நம் நாட்டில் விளைபவை என்பது சிந்திக்கத்தக்கது. தென்னந்தும்பைக் கொண்டு தரைவிரிப்பு நெய்யும் தொழிற்சாலை 1859இல் ஆலப்புழையில் எழுந்தது; அத்தகைய விரிப்புக்கள் ஐரோப்பியரின் மண்டபங்களிற் காலடி ஓசையை அடக்கின. இங்கிலாந்தில் பிரெடரிக் வால்ரன் 1863இல் ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்த்து லினோலியம் என்னும் விரிப்புக்குக் காப்புரிமை பெற்றபோது, அதற்கு அடித்துணியாக அமைந்தது இந்தியச் சணல். இறப்பர் நாற்றுக்கள் 1876இல் இலங்கைக்கு வந்து ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. தும்பும் இறப்பரும் சேர்த்துச் செய்யும் மெத்தைகள் இன்று நம் நாட்டிலேயே உற்பத்தியாகின்றன. உலகின் தரைகளுக்கு அமைதியையும் வெதுவெதுப்பையும் ஏற்றுமதி செய்த நாம், நம் தரையை வெறுமையாக விட்டுவிட்டோம்.

முடிவுரை

பழைய மண் நிலத்துக்கு மீளுதல் வேண்டுமென்பது என் கருத்தன்று. அதனை மெழுகுதற்கு மீண்டும் எவரையும் முழந்தாளிடச் சொல்லுதல் அறமாகாது. வீடு முழுவதும் கம்பளம் ஒட்டுதலும் நமக்குப் பொருந்தாது. மாரி ஈரத்தில் அது பூஞ்சணம் பிடிக்கும். நாம் கைவிட்டது மண்ணையன்று, விரிப்பையே. ஆதலின் மீட்க வேண்டியதும் அதுவே. அடியில் உறுதியும் தூய்மையும் உள்ள நிலம். மேலே பருவத்துக்கேற்ப இடவும் எடுக்கவும் உலர்த்தவும் கூடிய விரிப்பு. நம் முன்னோர் கண்ட இவ்விரு பகுப்பே இன்றைக்கும் ஏற்றது.

வீடு புதுக்குவோர் ஓடு வாங்குமுன் மூன்று வினாக்களைக் கேட்டல் நன்று. இத்தரையில் யார் நடப்பார்? யார் படுப்பார்? இதன்கீழ் யார் உறங்குவார்? நன்னிலையிலுள்ள பழைய சீமெந்தை உடைக்காது செப்பனிடலாம். மாடியில் ஓடு பதிக்குமுன் அதற்கென அமைந்த இறப்பர் அல்லது தக்கை அடிவிரிப்பை இடலாம். பின்னர் எண்ணினால் ஓட்டைப் பெயர்க்க வேண்டிவரும். கதிரைக் கால்களுக்கு இறப்பர் மூடியிடுதல் சிறு செலவே. முதியோரும் மகவீன்ற தாயரும் துயிலும் அறைக்குத் தும்பு விரிப்பும் பாயும் ஆடம்பரம் அல்ல.

எம் வீட்டில் இறுதியில் நடந்ததைக் கூறி இக்கட்டுரையை முடிக்கின்றேன். அன்னையாரின் அறையின் சிவப்பு நிலம் அப்படியே விடப்பட்டது. வெடிப்புக்கள் அடைக்கப்பட்டு மெழுகிடப்பட்டது. அதன்மேல் தும்பு விரிப்பும், விரிப்பின்மேற் பன்பாயும் இடப்பட்டன. மாடியறையில் ஓடு முன்னரே பதித்துவிட்டமையால், பிள்ளைகள் விளையாடும் இடத்தில் தடித்த இறப்பர் விரிப்பு ஒன்றை இட்டோம். ஓசை முற்றாக அற்றதெனக் கூறமாட்டேன். ஆயினும் அன்னையார் பகலிற் கண்ணயரும் வழக்கம் மீண்டது. வாடை ஓய்ந்து கச்சான் எழுந்ததும் அவரே பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டு, வெறுங்காலோடு நிலத்தின் குளிர்ச்சியை அனுபவித்து நடந்தார். பல நூல்களிற் தேடி நான் அறிந்த உண்மையை அவர் காலால் முன்னரே அறிந்திருந்தார்.